மயில்கழுத்துக் கண்ணீர்

நொச்சிமடை வேலாயுதா தியேட்டரில் அந்தப் பொம்மைப் படம் வெளியான வெள்ளிக்கிழமை, மதியக் காட்சி இடைவேளைக்கு வெளியே வந்த பிள்ளைகளின் கன்னங்களில் சிவப்பும் ஊதாவும் எலுமிச்சை மஞ்சளுமாகக் கோடுகள் இறங்கியிருந்தன, பின்னாலேயே வந்த தாய்மாரின் முந்தானைகளில் அதே நிறங்கள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தன, அதைப் பார்த்து ஊரில் ஒருவரும் அலறவில்லை. வாசலில் பப்ஸ் விற்கிறவர் மட்டும், "உள்ளாற குச்சி ஐஸ் வித்தீங்களா? இங்க நானொருத்தன் நிக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று மேனேஜரிடம் சண்டைக்குப் போனார். ஐஸ் இல்லை, அழுகைதான் அப்படி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவரும் சமாதானமாகிவிட்டார்.

நாங்கள் சாயப்பட்டறை ஊர்க்காரர்கள். பனியன் துணிக்கு நிறம் ஏற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்புத் தெரியாது, நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் தெரியாது. பட்டறைக் கழிவைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்பது சட்டம், மழை பெய்தால் வால்வைத் திறந்துவிடுவது வழக்கம், மழையோடு மழையாக அது எங்கோ போய்விடும் என்று முதலாளிகள் சொல்வார்கள், நாங்களும் கண்டும் காணாமல் இருந்துகொள்வோம். பள்ளிக்கூடத்தில் ஆறு வரையச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் நீலக் கிரேயானைத் தேட மாட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆறு என்ன நிறத்தில் ஓடுகிறதோ அந்தக் கிரேயானை எடுப்பார்கள்.

படம் என்னவோ எல்லா ஊரிலும் ஓடிய படம்தான். நீலி என்று ஒரு நீர்நாய்க் குட்டி. ஆற்றில் அம்மாவைத் தொலைத்துவிட்டு, நாற்றமடிக்கிற சாக்கடைகளையும் இரும்புக் குழாய்களையும் தாண்டி, ஒரு கிழட்டு ஆமையின் துணையோடு ஆற்றோட்டத்துக்கு எதிராக நீந்திப் போகிறது. நடுவில் பாட்டு உண்டு, ஆமை தும்மும்போதெல்லாம் சிரிப்பு உண்டு. இடைவேளைக்குச் சற்று முன்னால் குட்டி அம்மாவைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் வந்த வழியில் ரோமமெல்லாம் சாயம் ஏறிப்போய், வாசனையும் மாறிப்போய், அம்மாவுக்கு அது தன் குட்டி என்று தெரியாது. முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கால் தள்ளிவிடும். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் பிள்ளைகள் சாதாரணமாக அழுதார்கள். எங்கள் ஊரில் நிறத்தோடு அழுதார்கள்.

படம் பார்த்தவர்களின் அபிப்பிராயங்களுக்குக் குறைவே இல்லை. "முதல் பாதி பரவாயில்ல, ரெண்டாம் பாதி இழுவை" என்று சொன்ன மனிதரின் இரண்டு கன்னங்களும் செங்கல் நிறத்தில் இருந்தன. "அந்தத் தாய் நீர்நாய் அப்படியே எங்க மாமியாரு" என்று சொன்ன பெண்ணின் கண்மை எது, கண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குடும்பத்தோடு பார்க்கலாம், பழைய துணி உடுத்திப் போகவும் என்று போனில் செய்தி பறந்தது. மேனேஜர் தன் பங்குக்கு, வெள்ளை உடையில் வருவோருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை எழுதி மாட்டினார். வாசலில் பனியன் வேஸ்ட் துணியைக் கை அகலத்துக்கு வெட்டி, முகம் துடைக்க என்று ஒருவர் விற்க ஆரம்பித்தார். இரண்டாம் நாளே ஷேடு கார்டுகள் வந்துவிட்டன. துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி நிறத்துக்கு எண் போட்ட அந்த அட்டை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும். தியேட்டர் படியில் உட்கார்ந்து பிள்ளையின் கன்னத்தைத் துடைத்து, துணியை வெயிலில் பிடித்து, கார்டோடு ஒத்துப் பார்த்து, "இது கிழக்கால பட்டறை மெரூன்", "இது பாலத்தடியில போன தீபாவளிக்கு வந்த ரோசு" என்று நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எந்த நிறம் எந்த வால்விலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். அதைப் பிள்ளைகளின் முகத்தில் வைத்துப் படிக்கிறோமே என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் உறைத்தது. சென்னியப்பன் பட்டறையில் டையிங் மாஸ்டராக இருக்கிற நாச்சிமுத்து அவர். சாயம் கலக்குவதும், துணியில் நிறம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும், மழை வந்தால் வால்வைத் திறப்பதும் அவர் வேலை. அவர் மனைவி கோகிலவாணி பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலையில் இருக்கிறவள். முதல் நாள் அவள்தான் மகள் கனிஷ்காவைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற கனிஷ்கா வீட்டுக்கு வந்தும் விம்மிக்கொண்டிருந்தாள்.

"அதோட அம்மா அத வேண்டாம்னு சொல்லிருச்சுப்பா. அது குளிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். குளிக்கத்தான் நல்ல தண்ணியில்ல."

நாச்சிமுத்து பழக்கதோஷத்தில் வெள்ளைத் துணியால் அவள் கன்னத்தைத் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று மினுங்குகிற மயில்கழுத்து நிறம். அந்த நிறம் எந்தக் கார்டிலும் கிடையாது. போன ஐப்பசியில் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்காக அவரே கலக்கிக் கண்டுபிடித்த நிறம், ஒரே ஒரு தொட்டிதான் போட்டார், ஆர்டர் ரத்தானதும் அடைமழையில் வால்வைத் திறந்து அத்தனையையும் ஆற்றில் விட்டவரும் அவர்தான். துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் பக்கத்து வீடுகள் அதற்குள் பார்த்துவிட்டன, மறுநாள் காலையில் முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார்.

சென்னியப்பன் கெட்டவர் என்று சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். கோயில் பந்தலுக்குப் பணம் கொடுப்பார், வேலையாளின் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் அந்தத் துணியை வாங்கி, சோப்புப் போட்டு, சோடாவில் போட்டு, பிளீச்சிங்கில் ஊறவைத்துப் பார்த்தார். நிறம் இம்மி குறையவில்லை. எல்லாப் பட்டறைக்காரர்களும் தங்கள் தங்கள் பிள்ளைகளின் துணியை வைத்து அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்து அந்தக் கண்ணீரையே சாயமாக்கிப் பார்த்தார்கள்; வழக்கமான உப்பு வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம், ஒரு டம்ளர் கண்ணீரை ஒரு தொட்டித் தண்ணீரில் ஊற்றினால் போதும், துணி நிறத்தை முழுக்கக் குடித்துவிடும், மிச்சத் தண்ணீர் பளிங்காக வெளியே வரும். கழிவே இல்லாத சாயம்! இத்தனை வருசமாக எந்த இயந்திரத்தாலும் முடியாததை எங்கள் பிள்ளைகள் அழுதே சாதித்துவிட்டார்கள் என்று நாங்கள் பூரித்துப்போனோம். இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு எந்த ஊர்க்காரனாலும் செய்திருக்க முடியாது.

ஆர்டரும் வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி கேட்டது குழந்தைகளுக்கான டீ-ஷர்ட்டுகள், மயில்கழுத்து நிறத்தில், நெஞ்சில் நீலி படம் போட்டு, கீழே 'ஆற்றைக் காப்போம்' என்ற வாசகத்தோடு.

அதன் பிறகு வேலாயுதா தியேட்டரில் நடந்ததைச் சினிமா பார்ப்பது என்று சொல்ல முடியாது. பட்டறைக்காரர்கள் காட்சிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு இலவசம், கூட வருகிற பெற்றோர் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் வெள்ளைத் துணியும் இருக்க வேண்டும், அம்மா தள்ளிவிடுகிற இடம் நெருங்கும்போது மேனேஜர் மின்விசிறிகளை நிறுத்திவிடுவார், காற்றில் கண்ணீர் காய்ந்துவிடக் கூடாதாம். நூறு டம்ளர்கள் பிள்ளைகளின் தாடைக்குக் கீழே ஏந்தப்பட்டிருக்க, திரையில் அந்தக் குட்டி தன் அம்மாவை நோக்கி நீந்திப் போகும்.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. பார்த்த அழுகையையே திரும்பத் திரும்ப எப்படி அழுவது? சில நாளில் அந்த இடத்தில் ஆமையைப் போலத் தும்மிக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு தூங்கினார்கள். பெற்றோர்கள் காதில் குனிந்து, "அந்தக் குட்டி அப்புறம் செத்துப்போச்சு, தெரியுமா?" என்று படத்தில் இல்லாததையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் அதுவும் பலித்தது. பிறகு பல பிள்ளைகளுக்குக் கண்ணே வறண்டுபோயிற்று, விழுந்து முட்டி பெயர்ந்தால்கூட அழாமல் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அதையும் நல்ல வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

கனிஷ்கா ஒருத்திதான் விடாமல் அழுதாள். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவையாவது அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று நம்பி, இருக்கையின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, தெரியாதபோது உடைந்து அழுதாள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரிலேயே அதிக முறை அந்தப் படத்துக்குப் போனவர், ஒரு தடவைகூடத் திரையைப் பார்த்தது கிடையாது.

கோகிலவாணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தட்டை நகர்த்திவைத்தாள்.

"ஏனுங்க, அவ அந்தக் குட்டிக்காக அழுவறா. நீங்க அதக் கொண்டுபோயி தொட்டியில ஊத்தறீங்க. நமக்கு இது அடுக்குமா?"

"ஆர்டர் முடிஞ்சிருச்சுன்னா உட்டறலாம் அம்மிணி."

"புள்ள ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, தெரியுமா உங்களுக்கு? நானு குளிச்சிருக்கேனா, என்மேல என்ற வாசம் வருதான்னு கேக்கறா. என்னன்னு சொல்லட்டும்?"

அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். உடனே விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகளின் கண்ணீர் விஷயம் எப்படியோ மேலே எட்டி, அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. அன்று மாலைதான் சென்னியப்பன் அவரைப் பட்டறையில் தனியாக அழைத்து, தோளில் கைபோட்டு, மெதுவாகப் பேசியிருந்தார்.

"நாச்சிமுத்து, திங்கக்கெழம ஆபீசருங்க வர்றாங்க. அந்த மயில்கழுத்து நம்ம பட்டறையத் தவிர எங்கயும் கெடையாது. அது எப்படி ஆத்துக்குப் போச்சு, ஆத்துலயிருந்து எப்படிப் புள்ள கண்ணுக்குப் போச்சுன்னு கேப்பாங்க. வால்வத் தொறந்தது யாரு?"

"நீங்க சொல்லித்தானுங்கண்ணா…"

"நான் வாயில சொன்னதுக்கு என்ன இருக்குது? தொறந்தது உன்ற கையி. இங்க பாரு, நான் உன்னக் காட்டிக்குடுக்க மாட்டேன். கண்ணீரு பூராவும் துணியில ஏறிக் கப்பலுக்குப் போயிருச்சுன்னா அது சரக்கு. புள்ள கண்ணுலயே தங்கிருச்சுன்னா அது சாட்சி. ஒரு தொட்டிதான் பாக்கி. ஞாயித்துக்கெழம மதியக் காட்சியில அத முடிச்சுக்குடுத்துரு. அதோட அவ கண்ணும் காஞ்சிரும், நீயும் தப்பிச்சுருவ."

இதைச் சொன்னபோது அந்தப் பட்டறை வாசலில் கனிஷ்காவும் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் அவளைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணிக்கு ஓவர்டைம். அவள் வேலைக்குப் போனதும் நாச்சிமுத்து மகளுக்குத் தலைசீவி, பொட்டு வைத்து, பழைய கவுனை மாட்டி, மொபெட்டில் ஏற்றினார். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. தியேட்டரில் பாதி இருக்கைகள் காலி, வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கம். சென்னியப்பன் என்றைக்கும் இல்லாத வழக்கமாக நேரே பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய செண்டு வாசனை நாச்சிமுத்துவின் கழுத்துக்குப் பின்னால் நின்றது.

ஆமை தும்மியது. பாட்டு வந்தது, போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாச்சிமுத்து டம்ளரை ஏந்தினார். கனிஷ்கா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து, இமைகூடத் தட்டாமல், கைகளை மடியில் இறுக்கிப் பின்னிக்கொண்டு திரையைப் பார்த்தாள். குட்டி நீந்தியது. அம்மா திரும்பியது. முகர்ந்தது. தள்ளியது.

கண் வறண்டிருந்தது.

"என்னப்பா?" என்றார் சென்னியப்பன் பின்னாலிருந்து.

"வருமுங்கண்ணா. கொஞ்சம் பொறுங்க."

"இந்த சீனு முடியப் போவுது. நாளைக்கு ஆபீசரு. என்ன பண்ணுவியோ, அழ வையி."

நாச்சிமுத்து டம்ளரை இன்னும் நெருக்கிப் பிடித்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் எவ்வளவோ பிரயாசைப்பட்டு முகத்தைக் கோணிக்கொண்டிருந்தாள், உதடு துடிக்கக்கூடச் செய்தது, தண்ணீர்தான் வரவில்லை. ஜெயில் வாசல் அவர் கண்ணுக்குள் வந்தது, கோகிலவாணி மனு கொடுக்க நிற்பது வந்தது, இந்தப் பிள்ளை யார் வீட்டிலோ சோற்றுக்கு நிற்பது வந்தது. இடது கையில் டம்ளரைப் பிடித்தபடி வலது கையை இருட்டில் இறக்கி, அவள் தொடையில், கவுன் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, கிள்ளினார். லேசாகக் கிள்ளியதில் ஒன்றும் நடக்காததால் பலமாகக் கிள்ளித் திருகினார்.

அவள் கத்தவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண் நிறைந்து, வழிந்து, தாடையில் சேர்ந்து சொட்டியது. சொட்டுகள் டம்ளரில் விழுகிற சத்தம் கேட்டு சென்னியப்பன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து துணியால் துடைத்து, திரையின் வெளிச்சத்துக்குத் திருப்பினார். துணி நனைந்திருந்தது, வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு முனையால் துடைத்துப் பார்த்தார். அதுவும் வெள்ளை. டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். எவர்சில்வரின் அடி தெரிந்தது. இருபது வருசமாக நிறம் பார்த்த கண் அது, அதற்கு ஏமாறத் தெரியாது. நொச்சிமடையில் அப்படி ஒரு தெளிந்த தண்ணீரை அவர் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அது குட்டிக்காக வந்த அழுகை இல்லை, ஆற்றிலிருந்து வந்ததும் இல்லை, முழுக்க முழுக்க அவர் கையால் வரவழைத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார். அம்மா போய்விட்டிருந்தது. அந்தக் குட்டி இன்னும் அந்த இடத்திலேயே, தள்ளப்பட்ட நிலையிலேயே, ஏன் என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தது.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். டம்ளர் உருண்டு எங்கோ போனது.

"எங்கடா போற? நாளைக்கு அவங்க கேட்டா? தொறந்தது உன்ற கையிடா!"

"ஆமாங்கண்ணா, என்ற கையிதான்." அவர் நடந்துகொண்டே சொன்னார். "என்ற கையி என்னென்ன பண்ணுச்சுன்னு எல்லாத்தையும் நானே அவங்ககிட்டச் சொல்லிக்கறேன். நீங்க வாயில சொன்னதையும் சேத்துச் சொல்றேன்."

வெளியே நல்ல வெயில். மகளை மொபெட்டின் முன்னால் நிறுத்தி, இரண்டு கைக்கும் நடுவில் அணைத்தபடி ஓட்டினார். பாலத்தில் ஏறினார்கள். கீழே ஆறு அன்றைக்கு ஆரஞ்சு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கனிஷ்கா கவுனுக்கு மேலாகத் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, கலர் வந்துருச்சா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"வந்துருச்சு சாமி."

"பொய் சொல்றப்பா. நா பாத்தேன், துணி வெள்ளையாத்தான் இருந்துச்சு." பிறகு, பட்டறையில் சென்னியப்பன் பேசியதைப் போலவே மெதுவாகச் சொன்னாள். "கலர் வரலைன்னா உன்னப் புடிச்சுட்டுப் போயிருவாங்கதானே? வண்டிய நிறுத்துப்பா. இன்னொருக்கா கிள்ளு, நா இந்தத் தடவ நல்லா அழுவறேன்."

நாச்சிமுத்து வண்டியை நிறுத்தினார். அதற்கு மேல் அவரால் ஓட்ட முடியவில்லை.